மாறன் அந்த மூலையில்தான் நின்றான்

பரத், நேற்றிலிருந்து உனக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் எந்த ஆபீஸில் மீட்டிங் நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன். பேசப் பேசக் கோபம் ஏறுகிறது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசினால் இன்னும் மோசமாக வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் வெட்டிப் பேச முடியாது. சரிம்மா, விடும்மா என்று சொல்லி போனை வைத்துவிடவும் முடியாது.

நேற்றுக் காலை மாறன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் கல்யாணப் பத்திரிகை. பெண் புதுச்சத்திரம் பக்கம், ஸ்கூல் டீச்சராம். கடலூரிலேயே மண்டபம் பிடித்திருக்கிறார்கள். வேட்டி சட்டையில் அவனைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவ்வளவு உயரத்துக்கு வேட்டி எங்கே எட்டுகிறது? உட்காரச் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, இந்த நேரத்தில் நீ இந்திய பாஸ்கெட்பால் அணிக்கான முகாமில் அல்லவா இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு லீவு கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். முட்டி வலி, அதனால் போகவில்லை என்றான். நான் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எந்த முட்டி, வலதா இடதா, நாளைக்கு வா, படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். காபியை ஒரே மடக்காகக் குடித்தான். அப்புறம் சொன்னான்.

"முட்டியெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. என்னைய எடுக்கல."

ஏன் என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு சிதம்பரத்தில் நடந்த போட்டியின் ஃபைனலில், கடைசி நொடிகளில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லையாம். முக்கியமான நேரத்தில் இடத்தை விட்டு நகர்கிறவனை எப்படிச் சிபாரிசு செய்வது என்று உங்கள் கோச் சொல்லிவிட்டாராம். கோச் அதைத் தன் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை, ஆட்டம் முடிந்து ரூமுக்குள் போனதும் நீதான் சொன்னாயாம். மாறன் அங்க இல்ல சார், அதனாலதான் நானே போட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாயாம்.

இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நீயும் அவனும் எப்படி ஆடினீர்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். மஞ்சக்குப்பத்து சிமெண்ட் கோர்ட்டில் நீ ஆட ஆரம்பித்தபோது உன் வயதுப் பையன்களில் நீதான் குள்ளம். நீ போடுகிற ஷாட்டையெல்லாம் உயரமானவர்கள் தட்டிவிடுவார்கள். அழுதுகொண்டு வருவாய். தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த மாறனுக்கு அப்போதே நல்ல உயரம். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரியாது, ஓடினால் கால் பின்னிக்கொள்ளும். உன்னால் ஷாட் போட முடியவில்லை, அவனால் பந்தைக் கொண்டுபோக முடியவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் இருந்த குறையில்தான் அந்தக் கூட்டு உண்டானது. யாரும் சொல்லித் தரவில்லை. நீ பந்தைக் கொண்டுபோனாய், உன்னைத் தடுக்க ஆள் வந்ததும் அவனிடம் கொடுத்தாய், அவன் போட்டான்.

நானும் ஆடியவள்தான். அண்ணாமலை நகரில் படித்த வருடங்களில் பெண்கள் அணியில் கார்டாக, பந்தைக் கொண்டுபோகிறவளாக இருந்தேன். ஆனால் பாஸ் என்றால் என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது நீ மாநில ஆண்கள் அணிக்குப் போன பிறகுதான். நாங்கள் ஆடியபோது எதிராளி ஏமாந்துவிடுவாள். வேகமாகப் போனால் தாண்டிவிடலாம். நீங்கள் ஆடுகிற மட்டத்தில் யாரும் ஏமாறுவதில்லை. எல்லோருக்கும் வேகம் இருக்கிறது, எல்லோருக்கும் உயரம் இருக்கிறது, எல்லோரும் உன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவனை ஒருவன் தாண்டிப் போய்ப் போடுவது எப்போதாவது நடக்கும். அதை நம்பி ஒரு மேட்சை ஜெயிக்க முடியாது. ஆனால் எத்தனை பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அவன் காலைவிடப் பந்துக்கு வேகம் ஜாஸ்தி. பந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும், அவன் திரும்பி இரண்டு எட்டு வைக்க வேண்டும். அந்த இரண்டு எட்டுக்குள் இன்னொரு பாஸ் போய்விட்டால் அவன் எப்போதுமே பிந்தித்தான் வருவான். காலையில் வெளிநாட்டு மேட்சுகளைப் போனில் வைத்துக்கொண்டு சமைப்பேன் அல்லவா, அங்கேயும் இதேதான். எல்லோரும் கூடையைப் பார்ப்பார்கள். நான் தடுக்கிறவனின் குதிகாலைப் பார்ப்பேன். குதிகால் எப்போது திரும்புகிறதோ அப்போதே அந்தப் பாயிண்ட் விழுந்துவிட்டது. ஷாட் அப்புறம் நடக்கிற சம்பிரதாயம்.

சிதம்பரம் செமி ஃபைனலில் நீ செய்த ஒன்று இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற உங்கள் சென்டருக்கு நீ உள்ளே ஒரு பாஸ் போட்டாய். அவன் போடப் போகிறான் என்று பயந்து எதிரணியில் பக்கத்தில் இருந்தவன் உள்ளே ஓடி வந்தான். சென்டர் போடவில்லை, இடது பக்கம் நின்றவனுக்குத் தட்டிவிட்டான். அவனைத் தடுக்க, மூலையில் மாறனைக் காத்து நின்றவன் ஓடினான். இப்போது மூலை காலி. அங்கே மாறன். பந்து அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. குனியவும் இல்லை, எட்டவும் இல்லை, வாங்கின கையோடு போட்டான். விழுந்தது. கூட்டம் மாறன் மாறன் என்று கத்தியது. ஸ்கோர் ஷீட்டில் மாறன் பெயருக்கு மூன்று பாயிண்ட், கடைசிப் பாஸ் கொடுத்தவன் பெயருக்கு ஒரு கோடு. உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை, சென்டர் பெயரும் இல்லை. ஆனால் அந்த மூன்று பாயிண்ட்டைத் தொடங்கி வைத்தவன் நீ. அது எனக்குத் தெரியும். மாறனுக்கும் தெரியும். திரும்பி ஓடும்போது அவன் பாஸ் கொடுத்தவனைக் காட்டவில்லை, உன்னைத்தான் விரலால் காட்டிக்கொண்டு ஓடினான். நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீ தலையைக் குனிந்துகொண்டு ஓடினாய்.

அன்று மாலை உன் அப்பா கடையிலிருந்து போன் செய்து உன்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எத்தனை பாயிண்ட்? நீ நாலு என்றாய். அவர் ஓ என்றார். டயர் கடையில் வந்து உட்காருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், மங்கலம்பேட்டை மாமாவும் அதைத்தான் கேட்பார். இந்த ஊரில் உன் ஆட்டத்தைப் பற்றி வேறு ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர்களே இல்லை. எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் எரிச்சல் உண்டு. பேப்பரில் போடுகிறவர்கள் மேலும் உண்டு. மாறன் இத்தனை, மாறன் அத்தனை என்று போடுவார்கள். அவன் கைக்குப் பந்து எப்படிப் போனது என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். ஏதோ மரத்திலிருந்து அவன் கையில் விழுந்தது போல எழுதுவார்கள்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு நிறுவனத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான தேர்வுக்கு நீங்கள் இரண்டு பேரும் போனீர்கள். அவனுக்கு வேலை கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் உன் ஷீட்டைப் பார்த்துவிட்டு, பாயிண்ட் கம்மியா இருக்குதேப்பா என்று சொன்னாராம். அதை வந்து நீ சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல், உன் ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று ஏதோ சொன்னேன்.

"பாஸ் குடுத்தவனுக்கு எவனும் வேல குடுக்கலம்மா" என்றாய்.

  உனக்கு நடந்தது அநியாயம். அதை எண்ணி நான் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் யார் மேலோ எரிந்து விழுந்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது மாறன் இல்லை. வேலை உத்தரவு வந்த அன்றைக்கு அவன் ஸ்வீட் எடுத்துக்கொண்டு வரக்கூடக் கூச்சப்பட்டு, அவன் தங்கையிடம் கொடுத்து அனுப்பினான். அது உனக்கு நினைவிருக்கிறதா? அந்த டப்பாவை நீ திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு உன் ஆட்டம் மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. செமி ஃபைனலில் அந்த ஒரு தடவை தவிர, பந்து உன் கையில் தங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் பந்து கைக்கு வருவதற்கு முன்பே அது எங்கே போகப் போகிறது என்று நீ முடிவு செய்திருப்பாய். இப்போது வந்த பிறகு ஒரு முறை தட்டுவாய், இன்னொரு முறை தட்டுவாய், கூடையைப் பார்ப்பாய், வழியில்லை என்று ஆன பிறகு யாருக்காவது கொடுப்பாய். அந்தப் பாஸும் பாஸ்தான், ஷீட்டில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஆனால் அது போய்ச் சேரும்போது தடுக்கிறவனும் கூடவே போய்ச் சேர்ந்திருப்பான். வாங்குகிறவன் நெருக்கடியில் போடுவான், தவறும். நீ கொடுக்காமல் இல்லை. நேரத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரு தடவை மாறனுக்குப் பந்து முட்டிக்குக் கீழே வந்தது. அவன் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் மேலே ஆள் வந்துவிட்டது. உன் வாழ்க்கையில் நீ யாருக்கும் முட்டிக்குக் கீழே பாஸ் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். கை வழுக்கிடுச்சும்மா என்றாய்.

இனி ஃபைனலுக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் படி.

கூட்டம் ஜாஸ்தி, வெக்கை தாங்கவில்லை. நான் எப்போதும் நடுவில் உட்காருகிறவள். அன்றைக்கு ஃபேன் காற்று வரும் இடமாகப் பார்த்து வலது மூலைக்குப் பின்னால், கீழ் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கடைசிச் சில நொடிகள். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தீர்கள். டைம் அவுட் எடுத்துவிட்டு வந்தீர்கள். மேலே நடுவில் உன்னிடம் பந்து. உங்கள் சென்டர் வந்து உன்னைத் தடுக்கிறவனுக்குக் குறுக்கே நின்று ஸ்க்ரீன் போட்டான். நீ அவனை ஒட்டி வலது பக்கம் திரும்பினாய். இரண்டு பேர் உன் மேல் வந்தார்கள். சென்டர் கூடையை நோக்கி ஓடினான், அவனைப் பிடிக்க மூலையில் மாறனைக் காவல் காத்துக்கொண்டிருந்தவன் உள்ளே போனான். இதைவிட அழகாக ஒரு ஆட்டம் அமையாது. யார் எங்கே போக வேண்டுமோ எல்லோரும் போய்விட்டார்கள். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மாறன் தனியாக நின்றுகொண்டிருந்தான். கோட்டுக்கு உள்ளே, கால் இரண்டும் தரையில் ஊன்றி, கை இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துக்கொண்டு. அவன் உன்னைக் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட வேண்டிய பழக்கம் உங்களுக்குள் எப்போதும் இருந்ததில்லையே.

நீ எம்பினாய். எம்பின பிறகு உன் தலை இந்தப் பக்கம் திரும்பியது. உன் கண் அவன் மேல் வந்தது. எனக்கு நேர் எதிரே இருந்தாய் பரத், நான் உன்னைப் பெற்றவள். நீ சோற்றைப் பார்க்கிற பார்வையும் எனக்குத் தெரியும், பந்து கொடுக்கப் போகிற பார்வையும் தெரியும். நீ பார்த்தாய். கை பாதி இறங்கியது. அப்புறம் மேலே ஏறியது. இரண்டு பேர் கைக்கு மேலே நீயே போட்டாய். பந்து வளையத்தில் அடித்து வெளியே போனது. பஸ்ஸர் அடித்துவிட்டது.

கூட்டத்தில் எல்லோர் கண்ணும் பந்தின் மேல். உங்கள் பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், கோச்சுக்கு அந்த மூலை தெரிந்திருக்காது. வீடியோ எடுத்தவனும் பந்தின் பின்னாலேயே போயிருக்கிறான். மாறன் சொன்னான், அதை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டானாம், அந்த மூலை அதில் விழவே இல்லையாம். ஆக, அவன் அங்கே நின்றதற்கு அன்றைக்குக் கண்ணால் பார்த்த சாட்சி என்று இருந்தால் அது நீயும் நானும்தான்.

ஷாட் தவறியதற்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ கொடுத்திருந்தாலும் அவன் தவறவிட்டிருக்கலாம். தேர்வாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு முறையாவது கடைசிப் பாயிண்ட் நம் பெயரில் விழட்டும் என்று ஆசைப்பட்டாய். ஆசைப்படாதவன் யார்? நானே போடணும்னு நெனச்சேன் சார், தப்பிடுச்சு என்று அந்த ரூமில் நீ சொல்லியிருந்தால் கோச் இரண்டு நாள் திட்டியிருப்பார், அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நான் கேட்காமலேயே, நான் பாக்கலம்மா, அவன் அங்க இல்ல என்றாய்.  தோற்றுப் போன பிள்ளை, வலியில் எதையோ சொல்கிறது என்று விட்டேன். அதையே நீ உள்ளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நீ ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனாய். வெறுத்துப் போய் விட்டுவிட்டாய் என்று ஊரில் எல்லோரிடமும் நான் உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, நேற்று நடந்ததற்கு வருகிறேன். மாறன் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவனிடம் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை, தன் மேல்தான் சந்தேகம். சாயங்காலங்களில் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போய் அந்த மூலையில் நின்று நின்று பார்க்கிறானாம். கொஞ்சம் மேலே ஏறி நின்றுவிட்டேனோ, கோட்டுக்கு வெளியே கால் போயிருக்குமோ, அதனால்தான் உன் கண்ணில் படவில்லையோ என்று. இத்தனை வருடமாக இடம் தப்பாமல் நின்றவன், தன் கால் எங்கே இருந்தது என்று தனக்கே தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறான். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அம்மா, அன்னிக்கு நீங்க அந்தப் பக்கந்தான ஒக்காந்திருந்தீங்க. நான் எடத்துலதான நின்னேன்?"

பரத், அந்த ஒரு நிமிஷம் என் மனசு என்ன பாடு பட்டது என்று உனக்குச் சொல்ல முடியாது. கவனிக்கவில்லைப்பா என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நீ என் பிள்ளை. அவன் என் பிள்ளை இல்லை. ஆனால் அவன் கல்யாணப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, தன் காலைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நின்னடா. கோட்டுக்கு உள்ளதான் நின்ன. கையி ரெண்டும் ரெடியா வெச்சிருந்த" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டான். அப்படின்னா பரத்துக்கு என்னைத் தெரியவில்லை, மறைத்திருக்கும், பரவாயில்லை என்று அவனே உனக்கு ஒரு சாக்குச் செய்து கொடுக்க ஆரம்பித்தான். அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை வைத்துக்கொண்டு அவனுக்கு இன்னொரு காபி ஊற்றிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அவன் உன்னைப் பார்த்தான் மாறா, பார்த்துவிட்டுத்தான் போட்டான் என்று சொல்லிவிட்டேன்.

 டம்ளரைக் கீழே வைத்தான். பத்திரிகையை எடுத்து டீப்பாய் மேல் வைத்து, அதன் ஓரத்தை விரலால் நேராகத் தள்ளினான். உன் பெயரை அவன் கையாலேயே எழுதியிருந்தான். எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான்.

"வர்றதும் வராததும் அவன் இஷ்டம்மா. ஆனா வந்தான்னா சாப்ட்டுட்டு நைசா போவக் கூடாது. எங்கிட்ட வந்து நின்னு பேசணும்."

அவ்வளவுதான் சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மாறன் என்னிடம் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

உன் அப்பா உள் ரூமில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வந்து, புள்ள ஏதோ ஆத்திரத்துல சொல்லியிருப்பான், இத நீ ஏன் அவங்கிட்டப் போயி சொன்ன, கல்யாண வீட்டுல போயி கொளுத்திப் போட்டுட்டியே என்றார். நான் கொளுத்தினேனா? மூன்று மாதமாக அந்தப் பையன் வெந்துகொண்டிருப்பது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. நீயும் அதையேதான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெத்த அம்மாவே இப்பிடிப் பண்ணலாமா என்பாய். பண்ணலாம். உனக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். ஆனால் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதை நீ உன் வசதிக்குச் செய்துகொண்டாய், என்னால் ஆகாது.

உன் மனசுக்குள் நீ என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவனுக்கு வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஒரு முகாம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்திருப்பாய். அவனுக்கு இருபத்தெட்டு வயசு. இந்த விளையாட்டில் அது இளம் வயசு இல்லை. இந்தியாவுக்காக ஆட அவனுக்கு இனி எத்தனை வாய்ப்பு வரும்? உன்னிடமிருந்து யாரோ பிடுங்கியதை நீ அவனிடமிருந்து பிடுங்கியிருக்கிறாய். அதில் உனக்குக் கிடைத்தது என்ன? முகாமுக்கு உன்னையும் கூப்பிடவில்லை. ஆட்டத்தையும் விட்டாய். அவனையும் விட்டாய். ஞாயிற்றுக்கிழமை இல்லாத மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் ஆட்டத்தை என்னைப் போல ரசித்தவர்கள் இந்தக் கடலூரில் யாரும் கிடையாது. நீ இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பந்தை அனுப்புவாய், எதிரணியில் ஐந்து பேரும் இடது பக்கம் போவார்கள். அதைப் பார்க்க நான் லீவு போட்டுவிட்டு எத்தனை ஊர் வந்திருக்கிறேன். நீ நாலு பாயிண்ட் எடுத்த மேட்சுக்கெல்லாம் பெருமையோடு திரும்பி வந்திருக்கிறேன். அந்தப் பெருமை உனக்குப் போதவில்லை, எனக்கும் அது புரிகிறது. அம்மா கைதட்டினால் வயிறு நிறையாது. ஆனால் மாறனின் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் நீ இருந்தாய், அதை அவன் ஒரு மேட்சில்கூட மறைக்கவில்லை. உன்னைப் பற்றி ஊருக்கு முன்னால் உண்மையைச் சொன்ன ஒரே ஆட்டக்காரன் அவன்தான். அவனைப் பற்றித்தான் நீ பொய் சொன்னாய்.

முகாமுக்கு இரண்டாவது தடவையாக இன்னும் சிலரைக் கூப்பிடப் போகிறார்களாம். வியாழக்கிழமை முடிவு செய்கிறார்கள் என்று மாறன் சொன்னான். எனக்கு அதில் ஒன்றும் இல்லம்மா என்று கையை உதறினான். நீ உன் கோச்சுக்குப் போன் செய். நீட்டி முழக்க வேண்டாம், வேலை கிடைக்காத கதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். மாறன் இடத்தில்தான் நின்றான், நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் போட்டேன், அன்றைக்குச் சொன்னது பொய். இவ்வளவு போதும். அவர் கத்துவார். கத்தட்டும், கேட்டுக்கொள். அதன் பிறகு மாறனுக்குப் பேசு. அவன் உன்னைச் சேர்த்துக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது, நான் அவனிடம் கேட்கவும் இல்லை. உனக்காக மன்னிப்புக் கேட்டு வைக்கவும் இல்லை. கல்யாணத்துக்கு நான் போகிறேன். நீ வந்தால் என் பக்கத்தில் உட்காராதே, நேராக அவனிடம் போ.

புதன்கிழமை மாலை வரைக்கும் பொறுப்பேன். அதற்குள் கோச்சிடமிருந்து மாறனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை என்றால் நானே அவருக்குப் போன் செய்வேன். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், என்ன பார்த்தேன் என்று சொல்வேன். நீங்க யாரும்மா என்று கேட்பார். பரத்தோட அம்மா என்று சொல்வேன்.